பழைய எண் 14, புதிய எண் 31: வெளிநாட்டுக்காரங்க நம்ம ஊர்ல எப்படித்தான் வழி கண்டுபிடிக்கிறாங்க?

மயிலை_கார்த்திக்

வணக்கம் மக்களே. போன ஞாயித்துக்கிழமை நடந்ததுல இருந்து இதையே யோசிச்சிட்டு இருக்கேன், அதான் இழை ஆரம்பிக்கிறேன்.

நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கார் பார்ட்ஸ் கம்பெனியில இருக்கேன். கொரியாவுல இருந்து ஒரு இன்ஜினியர் ஆறு மாசத்துக்கு வந்திருக்காரு. வீட்டுக்கு சாப்பிட வாங்கன்னு கூப்பிட்டேன், கம்பெனி கார் வேணாம் நானே வந்துடுறேன்னு சொல்லிட்டாரு. வீடு மயிலாப்பூர் குளத்துக்கு பின்னாடி சின்ன தெரு. அட்ரஸ் அனுப்புனேன், பழைய எண் 14, புதிய எண் 31. ஒரு மணிக்கு வரவேண்டியவரு ஒன்றரை ஆகியும் காணோம், போன் அடிச்சா ஸ்விட்ச் ஆஃப். பதறிப்போய் கீழ இறங்கி தேடுனா, புதிய எண் 14 வீட்டுத் திண்ணையில உக்காந்திருக்காரு, அந்த வீட்டு மாமி மோர் கொடுத்து ஃபேனை அவர் பக்கம் திருப்பி வச்சிருக்காங்க.

எனக்கு ஒரே சங்கடம், மன்னிச்சுக்கோங்கன்னு ஆரம்பிச்சேன். அவரு சிரிச்சிட்டு சொன்னாரு, எங்க நாட்டுலயும் இதே கதைதான்னு. அங்க முன்னாடி அட்ரஸ்னா மனை நம்பராம், நிலம் பதிவான, பிரிச்ச வரிசைப்படி இருக்கும், பக்கத்து பக்கத்து வீட்டுக்கு சம்பந்தமே இல்லாத நம்பர் வரும். 2014-ல தான் முழுசா தெருப் பேர் வச்ச அட்ரஸுக்கு மாறுனாங்களாம். புது முறையில தெரு ஆரம்பத்துல இருந்து ஒவ்வொரு 20 மீட்டருக்கும் நம்பர் கொடுத்திருக்காங்க, ஒத்தைப்படை இடது பக்கம், ரெட்டைப்படை வலது பக்கம். அப்போ 31-ன்னா என்ன அர்த்தம், தெரு முனையில இருந்து ஏறக்குறைய 310 மீட்டர், இடது பக்கம். மனுஷன் அந்தக் கணக்குலயே எங்க தெருவுல நடந்திருக்காரு, தெரு 150 மீட்டர்ல முடிஞ்சு போச்சு! சரி 31 தப்பு போல, இன்னொரு நம்பர் 14 இருக்கேன்னு அந்த வாசலுக்கு வந்து நின்னிருக்காரு.

அவரு தொலைஞ்சு போகல, அவர் ஊர் கணக்கை சரியா போட்டிருக்காரு. நம்ம தெருவுக்கு அந்தக் கணக்கு பொருந்தல, அவ்ளோதான்.

அவர் கையில ஒரு சின்ன நோட்டு இருந்துச்சு. அதுல கபாலி கோயில் கோபுரம் ரெண்டு வரைஞ்சிருக்காரு, பெருசு ஒண்ணு, சின்னது ஒண்ணு, சின்னதுக்கு கீழ மட்டும் அலை அலையா கோடு. கேட்டா, பெரிய கோபுரம்னா தண்ணி இல்ல, சின்ன கோபுரம்னா தண்ணிங்கிறாரு. கிழக்கு ராஜகோபுரம் அந்தப் பக்கம், மேற்கு கோபுரம் தான குளத்தைப் பாத்து இருக்கு. பொறந்ததுல இருந்து இங்க இருக்கேன், யாருக்காவது வழி சொல்லும்போது "கோபுரத்தைப் பாத்து வாங்க"ன்னு தான் சொல்லியிருக்கேன், ரெண்டு கோபுரம் இருக்கேன்னு ஒரு நாளும் தோணல.

வெளிநாட்டுல இருந்தவங்க, இங்க வெளிநாட்டுக்காரங்களோட பழகுறவங்க சொல்லுங்க. மொழி தெரியாத ஊர்ல எதைப் பிடிச்சுக்கிட்டு வழி கண்டுபிடிக்கிறாங்க?

ஸ்டாண்டு_பாலு

தம்பி நான் ஆயிரம் விளக்கு பக்கம் ஆட்டோ ஓட்றேன், 22 வருஷம் ஆச்சு. எங்க ஸ்டாண்டுக்கு வர்ற சவாரில பாதி வைத்தியத்துக்கு வர்றவங்க, பங்களாதேஷ்காரங்க தான் நிறைய, அப்புறம் ஓமன், மாலத்தீவு, ஆப்பிரிக்கா பக்கத்துல இருந்தும் வருவாங்க. நீ கேட்டதுக்கு நான் கண்ணால பாத்ததை சொல்றேன்.

மொத நாள் லாட்ஜ் விசிட்டிங் கார்டை கைல வச்சிக்கினு வருவாங்க. சில பேரு ரூம் சாவிய காட்டுவாங்க, அந்த சாவியில ஒரு பிளாஸ்டிக் பட்டை தொங்கும்ல, அதுல லாட்ஜ் பேரு இருக்கும். ரெண்டாவது நாள் பேரை வாயால சொல்லுவாங்க. மூணாவது நாள் ஆட்டோவே வேணாம்னுட்டு நடந்து போவாங்க. எப்படின்னா கிரீம்ஸ் ரோடு பக்கம் சந்துல எல்லாம் வங்காளி எழுத்துல போர்டு வச்சிருக்கான், மெடிக்கல் ஷாப்பு, மெஸ்ஸு, பணம் மாத்துற கடை எல்லாத்துலயும். அவங்க எழுத்து எங்க முடியுதோ அங்க அவங்க ஊரு முடியுது. அதைத் தாண்டி மவுண்ட் ரோடுக்கு வந்தா திணறிடுவாங்க.

அங்க தான் பிரச்னையே. அவங்க போன்ல அண்ணா சாலைன்னு இருக்கும், நாம எல்லாரும் மவுண்ட் ரோடுன்னு சொல்லுவோம். போன்ல அண்ணா மேம்பாலம், நமக்கு ஜெமினி. ஜெமினி ஸ்டுடியோவே போயி எத்தினி வருஷமாச்சு, ஆனா பேரு நிக்குது பாரு. சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு 2019-ல பேரு மாத்துனாங்க, மெட்ரோவுல முழுப் பேரையும் சொல்லும்போது புதுசா வர்றவங்களுக்கு அது தான் நாம எறங்க வேண்டிய சென்ட்ரல்னே புரியறதில்ல. எத்தினியோ பேரு தாண்டிப் போய்ட்டு திரும்பி வந்திருக்காங்க.

அதனால நான் யாரு வந்தாலும் ரெண்டு பேரையும் சொல்லிக் குடுப்பேன். பேப்பர்ல இருக்கற பேரு ஒண்ணு, வாய்ல இருக்கற பேரு ஒண்ணு. இன்னொண்ணு, பீச்சாங்கை சோத்தாங்கைன்னு சொல்லும்போது கையையும் நீட்டிக் காட்டணும். சும்மா நேரா போ நேரா போன்னு சொன்னா எவ்ளோ தூரம்னு அவனுக்கு எப்டி தெரியும்.

வியாசர்பாடி_டு_பெர்லின்

பாலு அண்ணா சொன்ன "பேப்பர் பேரு, வாய் பேரு" அப்படியே மனசுல நின்னுடுச்சு.

நான் படிக்க பெர்லின் வந்து நாலு வருஷம். வந்த மொத மாசம் ஜனவரி, சாயங்காலம் நாலரைக்கே இருட்டிடும், குளிர்ல போன் 30 சதவீதம்னு காட்டிட்டே பொட்டுன்னு அணைஞ்சிடும். ஒரு நாள் ரூம் பாக்க போனேன், வீட்டு நம்பர் 52. நம்ம ஊர் பழக்கத்துல ஒரு பக்கம் ஒத்தைப்படை எதிர்ப்பக்கம் ரெட்டைப்படைன்னு நினைச்சு நடக்குறேன், பாத்தா ஒரே பக்கத்துல 1, 2, 3, 4ன்னு வரிசையா போகுது. எதிர்ல பாத்தா 70, 69. பைத்தியம் பிடிச்ச மாதிரி இருந்துச்சு. அப்புறம் தான் தெரிஞ்சது, இங்க பழைய தெருக்கள்ல குதிரை லாடம் மாதிரி நம்பர் போடுவாங்க, ஒரு பக்கம் கடைசி வரைக்கும் ஏறிட்டு, எதிர்ப்பக்கம் திரும்பி வரும். ஆனா தெருமுனையில இருக்கற பேர்ப் பலகையிலயே, அந்தத் துண்டுல எந்த நம்பர்ல இருந்து எந்த நம்பர் வரைக்கும்னு சின்னதா போட்டிருக்கும். அதைப் படிக்கக் கத்துக்க எனக்கு ரெண்டு வாரம் ஆச்சு.

அன்னைக்கு என்னைக் காப்பாத்துனது ஒரு துருக்கிக்காரர் கடை. அவரு ஒரு காகிதத்துல மூணு கோடு போட்டு, ஒரு வட்டம் போட்டு அலெக்ஸாண்டர்பிளாட்ஸ் டிவி டவர்னு காட்டுனாரு. அது 368 மீட்டர், ஊர்ல பெரும்பாலும் எங்க நின்னாலும் உச்சி தெரியும். டவர் உனக்கு முதுகுப் பக்கம் இருக்கணும், அப்படியே நடன்னு சைகையில சொன்னாரு. முகத்துக்கு நேரா வந்தா தப்பா போறேன்னு அர்த்தம். அந்தக் காகிதம் இன்னும் என்கிட்ட இருக்கு.

சென்னையில அந்த மாதிரி ஒண்ணு என்ன இருக்குன்னு யோசிச்சுப் பாத்தேன். எல்ஐசி பில்டிங் 1959-ல திறந்தப்ப நாட்டுலயே உயரமான கட்டடம், அப்போ தூரத்துல இருந்து தெரிஞ்சிருக்கும். இப்போ மவுண்ட் ரோட்டுக்கு வந்தா தான் தெரியுது.

தரமணி_டெவ்

எல்லாம் சரி, ஆனா இது 2010-ல பேச வேண்டிய விஷயம் இல்லையா? லொகேஷன் பின் அனுப்புனா முடிஞ்சது. கார்த்திக் அட்ரஸ் டைப் பண்ணி அனுப்புனது தான் தப்பு. எங்க டீமுக்கு வர்ற வெளிநாட்டு ஆளுங்க எல்லாரும் ஆப்ல கேப் போட்டு வந்து போறாங்க, ஒருத்தரும் தொலைஞ்சதில்ல.

மயிலை_கார்த்திக்

பின்னும் அனுப்புனேன் ப்ரோ. அவருக்கு அது பெரும் பழக்கமும் இல்ல. நான் சியோலுக்கு டிரெய்னிங் போனப்ப கூகுள் மேப்ல நடந்து போற வழியே காட்டல, மேப் டேட்டாவை நாட்டுக்கு வெளிய கொடுக்குறதுக்கு அவங்க அரசாங்கம் அப்போ கட்டுப்பாடு வச்சிருந்துச்சு. அங்க எல்லாரும் நேவர், காக்காவோ மேப் தான் வச்சிருக்காங்க. அந்த ஆப் இங்க உதவாது.

அதோட எங்க ஏரியாவ நீங்க இப்போ வந்து பாக்கணும். மெட்ரோ ரெண்டாம் கட்ட வேலைக்கு லஸ் பக்கம் பச்சைத் தடுப்பு போட்டு வழியை மாத்தி மாத்தி விடுறாங்க. போன மாசம் திறந்திருந்த சந்து இந்த மாசம் இல்ல. நீலப் புள்ளி தடுப்புச் சுவருக்கு உள்ள நடக்கச் சொல்லுது.

கேப்பில் வர்றவங்க தொலையறதில்லைன்னு சொன்னீங்கல்ல, அவங்க வழி கண்டுபிடிக்கல ப்ரோ, அவங்களைக் கொண்டு போய் விடுறாங்க. ஆறு மாசம் இருந்துட்டு ஊர் திரும்புனப்புறமும் ஆபீஸ், மால், ஏர்போர்ட் மூணு தான் தெரியும். எங்க ஆளு ஞாயித்துக்கிழமை கார் வேணாம்னு சொன்னதே அதுக்குத்தான்னு நினைக்கிறேன்.

ஓய்வு_கண்டக்டர்

தம்பிகளா, மாநகர பஸ்ஸுல முப்பத்தியோரு வருஷம் விசில் ஊதுனவன் நான். வெள்ளைக்காரங்க, ஜப்பான்காரங்க எல்லாம் பஸ்ஸுல ஏறுவாங்க, குறைச்சலா இருந்தாலும் ஏறுவாங்க. அவங்களுக்கு நம்பர் தான் தெய்வம். போர்டுல தமிழ்ல என்ன எழுதியிருந்தாலும் 29-ங்கிற உருவம் தெரியும். ஆனா பின்னாடி வர்ற எழுத்தை விட்டுடுவாங்க. 29சி பெரம்பூர்ல இருந்து பெசன்ட் நகர் போகும், 29ஏ வேற எங்கயோ போகும். அப்புறம் "கட்" சர்வீஸ். நம்பர் அதே, ஆனா வண்டி பாதி வழியிலயே திரும்பிடும். உள்ளூர்க்காரங்களே ஏமாறுவாங்க, அவங்க என்ன பண்ணுவாங்க.

நான் ஒரு பழக்கம் வச்சிருந்தேன். ஏறுனதும் எங்க இறங்கணும்னு கேட்டு, டிக்கெட்டுக்கு பின்னாடி இன்னும் எத்தனை ஸ்டாப்புன்னு கோடு போட்டுக் குடுப்பேன். ஏழு ஸ்டாப்புன்னா ஏழு கோடு. ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஒண்ணை நகத்தால கீறிட்டே வருவாங்க. ஒரு வயசான ஜப்பான் அம்மா, தனியா தான் வந்திருந்தாங்க, ஜெமினியில ஏறி மயிலாப்பூர் டேங்க் வந்தாங்க, கடைசிக் கோடு கீறிட்டு என்னைத் திரும்பிப் பாத்து குனிஞ்சு கும்பிட்டுட்டு இறங்குனாங்க. அது நடந்து பதினஞ்சு வருஷம் இருக்கும்.

டோக்கியோ_ரிட்டர்ன்

கண்டக்டர் ஐயா, அந்த அம்மாவுக்கு உங்க கோடு ஏன் உடனே புரிஞ்சிருக்கும்னு எனக்குத் தெரியும். ஜப்பான்ல பெரும்பாலான தெருவுக்கு பேரே கிடையாது. அட்ரஸ்ல ஏரியா, அதுக்குள்ள ஒரு பகுதி நம்பர், அதுக்குள்ள பிளாக் நம்பர், அப்புறம் கட்டட நம்பர், அவ்ளோதான். தெரு அட்ரஸ்லயே வராது, ரெண்டு பிளாக்குக்கு நடுவுல இருக்கற இடைவெளி தான் தெரு. அதனால அங்க அவங்களே ஒருத்தருக்கொருத்தர் கையால மேப் வரைஞ்சு தான் வழி சொல்லுவாங்க. நான் மூணு வருஷம் இருந்தேன்.

கோபான்னு ஒண்ணு இருக்கும், தெருமுனையில சின்ன போலீஸ் பூத். அங்க போலீஸ்காரரோட முக்கியமான வேலையே வழி சொல்றது. சுவத்துல அந்த வட்டாரத்தோட பெரிய மேப் இருக்கும், விரலை வச்சு காட்டுவாங்க. போலீஸ்கிட்ட போய் வழி கேக்குறதுல ஒரு துளி தயக்கமும் யாருக்கும் இல்ல, சின்னப் பசங்க கூட போவாங்க. நம்ம ஊர்லயும் தெருமுனை பூத் இருக்கு, அதுல ஒரு மேப் ஒட்டுனா எவ்ளோ நல்லா இருக்கும்னு எனக்கு இன்னைக்கும் ஆசை.

சப்வேல ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் எழுத்தும் நம்பரும் உண்டு. கின்சா ஸ்டேஷன்னா ஜி09. நீங்க ஜி09-ல ஏறி ஜி16 போகணும்னா ஏழு ஸ்டாப், பேரு படிக்கத் தெரியவே வேணாம். ஷிஞ்சுகு மாதிரி ஸ்டேஷன்ல 200-க்கு மேல வாசல் இருக்கு, தப்பான வாசல்ல ஏறுனா ஒரு கிலோமீட்டர் தள்ளி நிப்பீங்க. அதனால யாரும் "ஸ்டேஷன்ல பாக்கலாம்"னு சொல்றதில்ல, வாசல் பேரைச் சொல்லித்தான் பாப்பாங்க.

கட்டடக்கலை_மாணவி

இந்த இழையை ரெண்டு தடவை படிச்சிட்டேன். நான் கிண்டியில ஆர்க்கிடெக்சர் நாலாவது வருஷம். கெவின் லிஞ்ச்னு ஒரு அமெரிக்க நகரத் திட்ட ஆய்வாளர் 1960-ல சொன்னது, மனுஷங்க ஒரு ஊரை மனசுல அஞ்சு விஷயமா தான் வச்சுக்கிறாங்கன்னு: நடக்குற வழி, தடுக்குற ஓரம், வட்டாரம், சந்திப்பு, அடையாளம். க்ளாஸ்ல படிச்சப்ப பாஸ்டன் உதாரணம் தான் சொன்னாங்க, எனக்கு ஒட்டவே இல்ல. பாலு அண்ணா "அவங்க எழுத்து எங்க முடியுதோ அங்க அவங்க ஊரு முடியுது"ன்னு எழுதுனதைப் படிச்சப்ப தான் வட்டாரம்னா என்னன்னு புரிஞ்சது.

ஓரம்னு எடுத்தா சென்னைக்கு கடலை விட பெரிய வரம் வேற இல்ல. கடல் எப்பவும் கிழக்கு. அதுக்கு இணையா தான் பீச் ரோடும் ஈசிஆரும் ஓஎம்ஆரும் பறக்கும் ரயிலும் பெரும்பாலும் வடக்கு தெற்கா போகுது. புதுசா வர்றவங்களுக்கு இது ஒண்ணைச் சொல்லிக் கொடுத்தாலே போதும், தெற்கு சென்னையில பாதி குழப்பம் தீந்துடும். ஆனா நாம யாரும் கிழக்கு மேற்குன்னு சொல்றதே இல்ல.

கார்த்திக் அண்ணாவோட கொரியாக்காரர் வரையறாரே, அதையே ஒரு ஊர் அதிகாரபூர்வமா செஞ்சிருக்கு. மெக்சிகோ சிட்டி மெட்ரோ 1969-ல திறந்தப்ப, படிக்கத் தெரியாதவங்களும் போகணும்னு ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு படம் வச்சாங்க. சாபுல்தெபெக் ஸ்டேஷனுக்கு வெட்டுக்கிளி, அந்தப் பேருக்கு அர்த்தமே வெட்டுக்கிளிக் குன்று. லான்ஸ் வைமன்னு ஒரு வடிவமைப்பாளர் செஞ்சது. நம்ம மெட்ரோவுலயும் திருமயிலைக்கு ஒரு குளம், கலங்கரை விளக்கத்துக்கு ஒரு விளக்குன்னு போட்டா பாட்டிங்களுக்கும் உதவும், வெளிநாட்டுக்காரங்களுக்கும் உதவும்.

பாலு அண்ணா, லண்டன்ல கருப்பு டாக்ஸி ஓட்டணும்னா 320 ரூட்டை மனப்பாடம் பண்ணி பரீட்சையில தேறணும். அந்த டிரைவர்களோட மூளையை ஸ்கேன் பண்ணி 2000-ல வெளியான ஆய்வுல, வழி ஞாபகம் வச்சுக்கிற பகுதியோட பின்பாகம் மத்தவங்களை விட பெருசா இருந்துச்சாம். உங்க 22 வருஷத்தை நினைச்சுக்கிட்டேன்.

மந்தைவெளி_ரேவதி

ஒரு விஷயம் யாரும் சொல்லல, நான் சொல்லியே ஆகணும். நம்ம ஊர்ல வழி கேட்டா தெரியலைன்னு சொல்ல மாட்டாங்க. நல்ல மனசு தான், உதவணும்னு தான், ஆனா தெரியாத வழியைச் சொல்லி அனுப்பிடுவாங்க. என்கூட பரதம் கத்துக்கிற பிரெஞ்சுப் பொண்ணு ஒருத்தி மார்கழி சீசனுக்கு வந்திருந்தா. ஒரு சபாவுக்கு வழி கேட்டிருக்கா, மூணு பேரு மூணு பக்கம் கைகாட்டியிருக்காங்க, மூணு பேரும் சந்தேகமே இல்லாம சொல்லியிருக்காங்க. அவ ஊர்ல தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்களாம், அதனால சொல்றவங்க எல்லாருக்கும் தெரியும்னு நம்பிட்டா. வர்ணம் முடிஞ்சப்புறம் தான் வந்து சேர்ந்தா, அழுதுட்டா.

அதுக்கப்புறம் அவளே ஒரு வழி வச்சுக்கிட்டா. நடந்து போறவங்ககிட்ட கேக்க மாட்டா, ஒரே இடத்துல உக்காந்திருக்கறவங்ககிட்ட தான் கேப்பா. பூக்காரம்மா, இஸ்திரி வண்டிக்காரர், அபார்ட்மென்ட் வாட்ச்மேன். அவங்களுக்கு அந்தத் தெருவுல எந்த வீட்டுல யாரு இருக்காங்கன்னு வரைக்கும் தெரியும். பூக்காரம்மாகிட்ட ஒரு முழம் வாங்கிட்டு கேட்டா, அவங்க எழுந்து முனை வரைக்கும் கூட வருவாங்க. பொண்ணு தனியா போகும்போது இதுல ஒரு தைரியமும் இருக்கு.

அப்புறம் எழும்பூர். டிக்கெட்டுல அவளுக்கு "எக்மோர்". வாயால எல்லாரும் "எழும்பூர்". ரெண்டும் ஒண்ணுன்னு எந்த வெளிநாட்டுக்காரருக்கும் தானா தெரிய வாய்ப்பே இல்ல. "டிரிப்ளிகேன்"னு கேட்டா பறக்கும் ரயில் ஸ்டேஷன்ல திருவல்லிக்கேணின்னு இருக்கும்.

தரமணி_டெவ்

அதுக்குத்தான 2020 ஜூன்ல அரசாங்கம் 1,018 ஊர்ப் பேரை தமிழ் உச்சரிப்புப்படி இங்கிலீஷ்ல மாத்தி ஆணை போட்டுச்சு. எழுத்துக்கூட்டு சரியில்லைன்னு பேச்சு வந்து கொஞ்ச நாள்லயே திரும்ப வாங்கிட்டாங்க. சரியான எழுத்துக்கூட்டோட வந்திருந்தா எழும்பூர் பிரச்னை தீந்திருக்கும்.

ரேவதி மேடம் சொன்னதைப் படிச்சிட்டு எங்க டீம்ல வந்திருக்கற போலந்து ஆளுகிட்ட இன்னைக்கு கேட்டேன், சென்னையில உனக்கு எந்த இடம் நல்லா தெரியும்னு. அவரு சொன்ன ஒரே இடம் ஆபீஸ் பக்கத்து டீக்கடை. அங்க மட்டும் தான் அவரு தினமும் நடந்து போறாரு. ரெண்டு மாசமா மத்த எல்லா இடத்துக்கும் கேப். கார்த்திக், நீங்க சொன்னது சரி. நாளைக்கு அவரைக் கூட்டிட்டு பறக்கும் ரயில்ல தரமணியில இருந்து பீச் வரைக்கும் போகப் போறேன், மேல இருந்து பாத்தா ஊர் எப்படி படுத்திருக்குன்னு தெரியும்ல.

ஸ்டாண்டு_பாலு

கெளம்பற தம்பி, கெழக்குப் பக்கம் ஜன்னல்ல உக்கார வை. பாப்பா சொன்ன மாதிரி கடல் எந்தப் பக்கம்னு மொதல்ல காட்டிடு. மத்தியானத்துக்கு மேல காத்து அங்க இருந்து தான் வரும், கண்ணை மூடிக்கினா கூட தெரியும்.

மூளை விஷயம் படிச்சேன் பாப்பா. என் பொண்ணுகிட்டயும் காட்டுனேன்.

மயிலை_கார்த்திக்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இன்னைக்கு லஞ்ச் டைம்ல அவர்கிட்ட இந்த இழையை வரி வரியா மொழிபெயர்த்து சொன்னேன். கண்டக்டர் ஐயாவோட ஏழு கோடு அவருக்கு ரொம்பப் பிடிச்சிடுச்சு, உடனே நோட்டை எடுத்து எழுதிக்கிட்டாரு. பழைய பேர், புதுப் பேர்னு ரெண்டு பத்தி போட்டு மவுண்ட் ரோடு, ஜெமினி, சென்ட்ரல், எழும்பூர் நாலையும் கொரிய எழுத்துல எழுதியிருக்காரு. "பூக்காரம்மா"ங்கிற வார்த்தையைத் தனியா எழுதி வாங்கிக்கிட்டாரு.

வர்ற ஞாயிறு மறுபடி சாப்பிட வர்றாரு, ஜெமினியில இருந்து 29சி-யில. இந்தத் தடவை நான் அட்ரஸ் அனுப்பல. ஒரு பேப்பர்ல குளம், சின்ன கோபுரம், முனையில இஸ்திரி வண்டி, அதுக்கு எதிர் சந்து, உள்ள சோத்தாங்கை பக்கம் நீலக் கதவுன்னு வரைஞ்சு கொடுத்திருக்கேன். வரையும்போது தான் கவனிச்சேன், எங்க வீட்டுக் கதவு நீலம்னு இதுவரைக்கும் நான் யார்கிட்டயும் சொன்னதே இல்ல.

14-ஆம் நம்பர் மாமியும் எத்தனை மணிக்கு வர்றாருன்னு கேட்டுட்டுப் போயிருக்காங்க.